செட்டிநாட்டில் வீடு கட்டிய வகை

'வீட்டைக் கட்டிப் பார். கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்பது தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கைப்பொருளையும் பொறுமையையும் ஒருங்கே சோதிக்கும் செயல்கள் இவை இரண்டும் என்பது இதன் கருத்து. பிற ஊர்களில் இவ்விரண்டும் வெவ்வேறு காலத்தில் வருவன. செட்டிநாட்டிலோ இவை ஒன்றையொன்று பற்றியே நின்றன. மணவிழா நிகழ்த்துதற்கு ஏற்றவாறு அங்கே வீட்டைக் கட்டினர். மணம் முடித்த புதல்வர் ஒவ்வொருவருக்கும் அவ்வீட்டினுள் ஓர் இடம் வகுத்தனர். ஆதலின், அவ்வீடுகள் எழுந்த வகையை அறிய விரும்புவோர் செங்கல்லையும் மரத்தையும் நோக்குவதற்கு முன்னர்க் குடும்பத்தை நோக்குதல் வேண்டும்.

சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களில், காரைக்குடியைச் சூழ்ந்து கிடக்கும் ஏறத்தாழ 75 ஊர்களைக் கொண்ட பகுதியே செட்டிநாடு. அங்குப் பேராறு ஒன்றும் பாய்வதில்லை. செம்மண்ணும் பொட்டலும் மிகுந்த அந்நிலத்தில், கண்மாயும் ஊருணியும் தேக்கி வைக்கும் மழைநீரே மக்களுக்கு உயிர். இங்கு வாழும் நாட்டுக்கோட்டை நகரத்தார், இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது ஊர்க் கோயில்களைச் சார்ந்து ஒன்பது பிரிவினராக விளங்குகின்றனர். தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்து குடியேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி.

வறண்ட நிலத்தை நம்பி வாழ இயலாத அவர்கள், கடல் கடந்து பொருளீட்டச் சென்றனர். இலங்கை, மலேயா, இந்தோசீனம், பர்மா ஆகிய நாடுகளில் அவர்தம் வட்டிக்கடைகள் தோன்றின. 1852-இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டதும், அந்நாட்டின் சதுப்பு நிலங்கள் நெல்வயல்களாக மாறத் தொடங்கின. காடு திருத்திய உழவர்க்குக் கடன் வேண்டியிருந்தது. அக்கடனை நகரத்தார் கொடுத்தனர். கடைக்குச் செல்லும் ஆடவர், மூன்றாண்டுக் கணக்கு என்று பேசி, மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியே கப்பலேறுவர். கணக்கு முடிந்த பின்னரே ஊர் திரும்புவர். இவ்வாறு ஈட்டிய பொருளில் ஒரு பகுதி கோயில் திருப்பணிக்கும், ஒரு பகுதி மக்கள் திருமணத்துக்கும், ஒரு பகுதி வீடு கட்டுதற்கும் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இரண்டாம் உலகப் போர் மூளும் வரை, செட்டிநாட்டு ஊர்களில் சுண்ணாம்பு அரைக்கும் ஓசை ஓயவில்லை எனலாம்.

வீடு கட்ட எண்ணும் குடும்பத்தில் முதற்கண் எழும் வினா, 'எத்தனை அறை வேண்டும்?' என்பதன்று, 'எத்தனை புள்ளி?' என்பதே. மணமான ஓர் ஆடவனும் அவன் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி எனப்படுவர். கோயிலுக்கும் ஊர்ப் பொதுக்காரியத்துக்கும் வரி செலுத்துவது புள்ளிக் கணக்கில்தான். மகனுக்குத் திருமணம் ஆனதும், பெற்றோர் அவனையும் மருமகளையும் 'வேறு வைப்பர்'. வேறு வைத்தல் என்ற சொல்லைக் கேட்டு, வீட்டைவிட்டு வெளியேற்றுவதாகக் கருதிவிடக் கூடாது. அதே வீட்டில் அவர்களுக்கு ஓர் அறையும் தனி அடுப்பும் தந்து, ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என வரையறுத்துக் கொடுத்து, தம் செலவைத் தாமே நடத்திக்கொள்ளச் செய்வதே வேறு வைத்தல். ஒரு கூரையின்கீழ்ப் பல அடுப்புகள் எரியும். தந்தையின் கண்முன்னேயே மகன் சிக்கனம் பயில்வான். மாமியாரின் அருகிலேயே மருமகள் தன் குடித்தனத்தைத் தானே ஆள்வாள். கூட்டு வாழ்வையும் தனி வாழ்வையும் ஒரே வீட்டில் வைத்த இந்த ஏற்பாடு நுட்பமானது. இதற்குத் தக்க வடிவம் தருவதே கொத்தனாருக்கும் தச்சருக்கும் இடப்பட்ட பணி.

ஆதலின் இன்று இருக்கும் புதல்வரை மட்டும் எண்ணி அறை வகுத்தால் போதாது. தொட்டிலில் கிடப்பவனையும் எண்ண வேண்டும். புதல்வியர்க்கு இக்கணக்கில் இடமில்லை. அவர்கள் சீர்வரிசையோடு வேறொரு வளவுக்குச் செல்பவர்கள்; அங்கே அவர்தம் கணவர்க்கு வகுத்த அறையே அவர்களுக்கு உரியது. தம் வீட்டுத் தூணைப் பிடித்து விளையாடி வளர்ந்த பெண், மணம் முடிந்ததும் அவ்வீட்டுக்கு விருந்தாக மட்டுமே வந்தாள் என்பதையும் இவ்விடத்தில் நினைத்தல் தகும்.

மனை தேர்ந்த பின் திசை காணவேண்டும். இது பழந்தமிழர் கண்ட கலை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, அரசன் மாளிகைக்கு மனை வகுக்கும்போது, நூலறிந்தோர் நண்பகலில் இரு கோல்களின் நிழலைக் கொண்டு திசை கண்டு, கயிறிட்டு அளந்ததைக் கூறுகிறது. அவ்வழக்கத்தின் தொடர்ச்சியே முளையடித்துக் கயிறு பிடித்தல். செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டவை. ஒரு தெருவில் தலைவாயில் இருக்க, பின்வாயில் அடுத்த தெருவில் சென்று திறக்கும். அறைகளின் நீள அகலங்களை மனையடி சாத்திரம் கூறும் அளவுகளுக்கு ஒத்துப் பார்ப்பர். சாத்திரத்தில் நம்பிக்கையுள்ள பெரியவரும், செலவைக் கணக்கிடும் இளையவரும் ஓர் அடிக்காக வழக்காடுவதும் உண்டு.

பின்பு கடைக்கால் தோண்டிச் செம்புறாங்கல்லும் கருங்கல்லும் இட்டு அடித்தளத்தை உயர்த்துவர். தெருவிலிருந்து பல படி ஏறியே வீட்டினுள் புகவேண்டும். மழை குன்றிய நாட்டில் இவ்வளவு உயரம் எதற்கு என்று காண்போர் வினவுவர். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட நினைவு தம் மரபில் நிலைத்தமையால் இவ்வாறு கட்டினர் என ஊரார் விடை கூறுவர். அது எவ்வாறாயினும், உயர்ந்த தளம் ஈரத்தையும் கறையானையும் தடுத்தது. தேக்கு மரத்துக்கு அதனால் நீண்ட வாழ்நாள் கிடைத்தது.

சுவரின் உயிர் சுண்ணாம்பு. இன்று சிமெண்டு மூட்டையைப் பிரித்து, மணலும் நீரும் கலந்து, அன்றே சுவர் எழுப்பிவிடுகின்றனர். அக்காலத்தில் அவ்வாறு இயலாது. கிளிஞ்சலையும் சுண்ணாம்புக் கல்லையும் காளவாயில் சுட்டு, நீர் தெளித்து நீற்ற வேண்டும். நீறிய சுண்ணாம்பை மணலொடு சேர்த்து அரைக்க, தரையில் வட்டமான கால்வாய் ஒன்று அமைப்பர். அதன் நடுவே முளை நட்டு, முளையொடு பிணைத்த நீண்ட மரத்தில் பெருங்கல் உருளையைக் கோத்து, மாடு பூட்டிச் சுற்றவிடுவர். உருளை கால்வாயில் உருளுந்தோறும் கலவை அரைபட்டு வெண்ணெய்போல் ஆகும். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் அதில் வார்ப்பர். கடுக்காயின் துவர்ப்பும் கருப்பட்டியின் பசையும் கலவையை இளக்கி, இறுகும் வேகத்தைக் குறைத்து, செங்கல்லோடு நன்கு பற்றச் செய்வன.

சிமெண்டு நீரோடு கலந்த சில மணி நேரத்தில் இறுகத் தொடங்கும். சுண்ணாம்பின் இயல்பு வேறு. அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக ஈர்த்து, மீண்டும் கல்லாக மாறுகிறது. கல்லைச் சுட்டு நீறாக்கினோம். நீறு காற்றை உண்டு திரும்பவும் கல்லாகிறது. இம்மாற்றம் ஒரு நாளில் முடிவதன்று. தடித்த சுவராயின் உட்புறம் இறுகுவதற்கு ஆண்டுகளும் ஆகும். ஆகவே ஒரு நாளைக்குச் சில வரிசைக்கு மேல் கல் அடுக்கக் கூடாது. கீழ்வரிசை ஏற்குமுன் மேல்வரிசை ஏற்றினால் சுவர் பிதுங்கும். பின்னொரு நாள் வெடிக்கும். மூன்றாண்டுக் கணக்கு முடித்துத் திரும்பும் குடும்பத் தலைவர், 'இன்னும் நிலை மட்டத்துக்கே சுவர் வரவில்லையா?' எனச் சினந்து கேட்பாராயின், 'சுண்ணாம்பு கேட்கும் நாளைக் கொடுத்துத்தானே ஆகவேண்டும், ஐயா' என்பதே கொத்தனார் மறுமொழியாக இருக்க முடியும். விரைவு வேண்டிய இடத்தில் பொறுமையை வற்புறுத்திய அந்தக் கைவினைஞரால்தான், நூறாண்டு கடந்த பின்னும் அச்சுவர்களிற் பல நிமிர்ந்து நிற்கின்றன.

சுவர் எழும்போதே மரவேலையும் ஒருபால் நடைபெறும். பர்மாத் தேக்கு கப்பலில் வந்து, கீழைக் கடற்கரையில் இறங்கி, மாட்டு வண்டிகளில் ஊர் சேரும். இலங்கையிலிருந்து முதிரை மரம் வரும். பெருமரங்களைத் தூணுக்கும் உத்தரத்துக்கும் தேர்ந்து, எஞ்சியவற்றைக் கதவுக்கும் சாளரத்துக்கும் தச்சர் பகுத்துக்கொள்வர். மரம் மிகுதியாகக் கிடைத்ததாயினும் வீண் செய்தலைப் பழைய தச்சர் பழியாகக் கருதினர். பெருந்தூண் கடைந்த மரத்தின் சிதறல், ஊஞ்சற் பலகையாகவோ பெட்டியாகவோ வடிவு பெறும்.

தலைவாயில் நிலையே அவர்தம் திறமைக்கு உரைகல். அதன் மேற்புறத்தில் இருமருங்கும் யானைகள் நீர் சொரியத் திருமகள் வீற்றிருப்பாள். கொடியும் கிளியும் யாளியும் பக்கங்களில் படர்ந்திருக்கும். நல்ல நாளில் இந்நிலையை நிறுத்துவது தனி விழாவாகவே நடைபெறும். மஞ்சளும் குங்குமமும் இட்டு, மாவிலை கட்டி, நிலையின் அடியில் பொன்னோ நவமணியோ சிறிது வைத்து, தச்சருக்கும் கொத்தனாருக்கும் வேட்டியும் துண்டும் வழங்குவர். நிலை நின்ற பின்னரே, அதுவரை 'மனை' எனப்பட்ட இடம் 'வீடு' என்னும் பெயருக்கு உரியதாகிறது.

இனி வீட்டின் அமைப்பைக் காண்போம். படியேறியதும் இருபுறமும் திண்ணை. கணக்கர் இருந்து கணக்கெழுதுவதும், வந்தவரை அமர்த்திப் பேசுவதும், வழிப்போக்கர் இளைப்பாறுவதும் இங்கேதான். அதனை அடுத்து முகப்பும் பட்டாலையும். இவை ஆடவர் புழங்கும் பகுதி. தலைவாயிலைக் கடந்து உட்சென்றால் வளவு என்னும் பெருமுற்றம். நடுவே வானம் திறந்திருக்கும். நாற்புறமும் தூண்கள் தாங்கிய தாழ்வாரம் ஓடும். தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக இரட்டை அறைகள். புள்ளிக் கணக்கு வடிவம் கொள்வது இங்கேதான். அறை ஒன்று, அதனுள் மற்றோர் அறை என அமைந்த ஒவ்வோர் இரட்டையும் ஒவ்வொரு மகனுக்கு உரியது. சீர்வரிசைப் பாத்திரங்களும் வெள்ளியும் துணிமணியும் அங்கே பூட்டி வைக்கப்படும். மணமக்களுக்குத் தனிமை தருவதும் அவ்வறையே. மற்றையோர் காற்றோட்டமான தாழ்வாரத்தில் பாய் விரித்து உறங்குவர்.

மூத்தவன் அறையும் இளையவன் அறையும் ஒரே அளவின. கதவின் உயரத்திலும் வேறுபாடு இராது. கடையில் பொருள் மிக ஈட்டியவன் என்று ஒருவனுக்குப் பெரிய அறை தருவதில்லை. நான்கு கதவுகளும் ஒரே வளவை நோக்கித் திறப்பதால், ஒருவர் வீட்டுச் சிரிப்பும் அழுகையும் மற்றவர் அறியாமல் நிகழ்தல் அரிது. இது நன்மையா தீமையா என்பதை அங்கே மருமகளாய் வாழ்ந்த ஆச்சிமாரைக் கேட்டால், விடை பலவாக வரும்.

வளவுக்கு அப்பால் இரண்டாங்கட்டு. பந்தி போடுவதும் தானியம் சேமிப்பதும் அங்கே. மூன்றாங்கட்டில் அடுப்படிகள், அம்மி, ஆட்டுக்கல், உரல், கிணறு. இது பெண்டிர் ஆட்சி செலுத்தும் இடம். ஆடவர் கடல் கடந்து சென்றிருந்த ஆண்டுகளில், ஆச்சிமார் நெல் வரவையும் பால் கணக்கையும் நோன்பு, விழா, விருந்துகளையும் அங்கிருந்தே நடத்தினர். அப்பால் கொல்லையும் பின்வாயிலும். தலைவாயிலில் நின்று நோக்கினால், வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நேர்பட்டுக் கொல்லை வாயிலின் ஒளி தொலைவிலே தெரியும். இந்நேர்வழியே காற்றுக்கும் வழி. வளவில் வெப்பமுற்ற காற்று மேலெழுந்து செல்ல, முன்னும் பின்னுமிருந்து குளிர்ந்த காற்று உள்ளே புகும். சித்திரை வெயிலில் தெருவில் நடந்து வந்தவர் பட்டாலையில் கால் வைத்ததும் உணரும் தண்மைக்குக் காரணம் இதுவே.

வளவின் மேல் நாற்புறக் கூரையும் உட்புறமாகச் சரிந்திருக்கும். வேளார் வனைந்து சுட்ட நாட்டு ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்கு வேய்ந்திருப்பர். அடுக்குகளின் இடையே தங்கும் காற்று வெயிலின் கடுமையைத் தணிக்கும். மழை பெய்தால், கூரைநீர் முழுவதும் தூம்புகளின் வழியே வளவில் விழும். மூலைகளில் பெருங்கிடாரங்களை வைத்து அந்நீரைப் பிடிப்பர். மிகுந்தது கிணற்றுக்கும் தெருக் கால்வாய் வழியே ஊருணிக்கும் செல்லும். அரிதாய்ப் பெய்யும் மழையில் ஒரு குடமும் வீணாகாது. மழைநீர்ச் சேகரிப்பு என்று இக்காலத்தார் சட்டம் இயற்றிச் செய்வதை, அக்காலத்தார் கூரையின் சரிவாலேயே செய்து முடித்தனர்.

சுவரின் மேற்பூச்சு செட்டிநாட்டுக் கொத்தனார்க்கே உரிய பெருமை எனலாம். முதலில் முரட்டுப் பூச்சு. அதன்மேல் மெல்லிய பூச்சு. அதற்கும் மேல் இன்னும் மெல்லியது என அடுக்கடுக்காகப் பூசுவர். இறுதிப் பூச்சுக்கு உரிய வெள்ளைச் சுண்ணாம்பை மாவினும் நுண்ணியதாக அம்மியில் அரைத்து, துணியில் வடித்து, முட்டையின் வெண்கரு சேர்ப்பர். ஈரம் உலருமுன் வழவழப்பான கல்லாலும் கையாலும் ஓயாது தேய்ப்பர். இவ்வாறு முடிந்த சுவர் சலவைக்கல் போல் ஒளிரும், தொட்டால் குளிரும், ஆண்டுதோறும் வெள்ளையடிக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கு இத்தனை வண்டி முட்டை செலவாயிற்று என்று ஊரார் கூறும் கணக்குகளில் மிகைமொழி கலந்திருத்தல் கூடும். ஆயினும் இப்பூச்சின் சிறப்பு முட்டையில் மட்டும் இல்லை. தேய்த்த கையில் இருந்தது. முட்டையை யாரும் வாங்கலாம். எப்பொழுது தேய்ப்பதை நிறுத்த வேண்டும் என்று அறிந்த கைகள் இன்று மிகச் சிலவே.

தரைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பூக்கற்கள் அயல்நாட்டிலிருந்து வந்து இறங்கின. அவற்றைக் கண்ட உள்ளூர்க் கைவினைஞர், தம் மண்ணையும் மணலையும் கொண்டே அத்தகைய கற்களைச் செய்யத் தொடங்கினர். காரைக்குடிக்கு அண்மையிலுள்ள ஆத்தங்குடி இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். ஆத்தங்குடிக் கல் செய்வதைக் காண்பவர் வியப்புறாமல் இரார். கண்ணாடித் துண்டு ஒன்றைத் துடைத்துத் தரையில் வைத்து, அதைச் சுற்றி இரும்புச் சட்டம் பொருத்துவர். சட்டத்தினுள் பூ வடிவான உலோக அச்சை இடுவர். அச்சின் அறைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை எனச் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவர். பின்பு அச்சை மெல்ல மேலே தூக்குவர். குழம்புகள் ஒன்றோடொன்று கலவாமல், எல்லை மட்டும் தொட்டு நிற்கும். இக்கணத்தில் கை நடுங்கினால் பூ கலைந்துவிடும். அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்து தூவி ஈரத்தை உறிஞ்சச் செய்து, பிறகு கலவை இட்டு மட்டம் செய்வர். சற்று இறுகியதும் நீர்த்தொட்டியில் பல நாள் ஊறவைத்து உலர்த்துவர். சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் முகத்தில் படிந்து நிற்கிறது. மக்கள் நடக்க நடக்க இத்தரைக்கு மெருகு ஏறும் என்பர். ஆளில்லாத வீட்டில் அது மங்குவதும் உண்மை.

இவ்வளவும் உள்ளூர் அறிவின் பயன். செல்வம் பெருகப் பெருக, இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியத்து நிலைக்கண்ணாடியும் ஆங்கில நாட்டு இரும்புத் தூணும் வந்து சேர்ந்தன. சில வீடுகளின் முகட்டில் திருமகளுக்கு அருகே ஆங்கிலச் சிப்பாயின் சுதைப் பாவையும் காவல் நிற்கிறது. அடுத்த வீட்டினும் தம் வீடு உயர்ந்து தோன்றவேண்டும் என்னும் வேட்கையே இதற்குக் காரணம். வாழ்வுக்கு உதவிய வளவும் கூரையும் போற்றத்தக்கன. காட்சிக்கு வைத்த இவற்றைப் பற்றி அவ்வாறு கூறுதற்கில்லை. அன்றியும், ஒவ்வொரு தேக்குத் தூணுக்கும் பின்னே கீழ்ப்பர்மாவின் உழவன் ஒருவன் செலுத்திய வட்டி இருந்தது என்பதை மறத்தலாகாது.

அது பின்னர்த் தெளிவாயிற்று. 1930-ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவ, நெல்விலை வீழ்ந்தது. கடனைத் திருப்ப இயலாத உழவரின் நிலங்கள் வட்டிக்கடையாரிடம் வந்து சேர்ந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலவுடைமை, 1938-இல் 25 விழுக்காடாயிற்று. நிலம் இழந்த மக்களிடம் மனக்கசப்பு வளர்ந்தது. நிலம் பெற்றவரோ அதைப் பணமாக்க வழியின்றி நின்றனர். 1942-இல் சப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது. பலர் கடையையும் கணக்கையும் விட்டு, காடும் மலையும் நடந்து தாயகம் திரும்பினர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் செய்தது. 1962-இல் படையாட்சி ஏற்பட்டபின் எஞ்சிய தொழில்களும் கைவிட்டுப் போயின. செட்டிநாட்டில் சுண்ணாம்புச் செக்கு நின்றது. முடியாத மேல்மாடியோடு நின்றுபோன வீடுகளும் உண்டு.

பணம் நின்ற பின்னும் வீடு நின்றது. ஆனால், அதை வகுத்த கணக்கே அதற்கு இடையூறாயிற்று. நான்கு புதல்வர்க்கு நான்கு இரட்டை அறைகள் கட்டிய ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். அந்நால்வருக்கும் மும்மூன்று புதல்வர் எனின் பன்னிரு புள்ளி. அவர்களுக்கும் அவ்வாறே எனின் 36 புள்ளி. நான்கு அறையில் 36 பங்கு. 1989-இல் தமிழ்நாட்டில் இயற்றிய சட்டத் திருத்தம் புதல்வியர்க்கும் குடும்பச் சொத்தில் சமவுரிமை வழங்கியது. அது நேர்மையான செயலே. முன்னர்க் கணக்கில் இடம்பெறாதவர்க்குக் காலந்தாழ்த்துக் கிடைத்த இடம் அது. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் வாழ்கின்றனர். ஓடு மாற்றவேண்டும் எனின் அனைவரும் இசைய வேண்டும். விற்கவேண்டும் எனினும் அனைவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மறுத்தால் ஓடு மாறாது. ஓடு மாறாத இடத்தில் நீர் இறங்கும்; நீர் இறங்கிய இடத்தில் சுண்ணாம்பு கரையும்; பின்பு உத்தரம் உளுக்கும்.

இவ்வாறு தளர்ந்த வீடுகள் பல இடிக்கப்பட்டன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் வரிசையாக உள்ள கடைகளில், அவ்வீடுகளின் கதவுகளும் தூண்களும் எனாமல் பாத்திரங்களும் நிலைக்கண்ணாடிகளும் விலைக்கு அடுக்கப்பட்டிருக்கின்றன. மஞ்சள் பூசி, நாள் பார்த்து நிறுத்திய நிலைகள் சுவரில் சாய்ந்து, பெயரறியாத வீட்டுக்குச் செல்லக் காத்து நிற்பதைக் காணலாம். சில வீடுகள் விடுதிகளாக மாறி உயிர் பிழைத்தன. ஒரு வீடு வேறு வகையில் தப்பியது. இடிபட இருந்த அந்த வணிகர் வீட்டைச் சென்னைக் கைவினை அறக்கட்டளையினர் விலைக்கு வாங்கி, பிரித்து எடுத்துச் சென்று, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தாம் அமைத்த தட்சிணசித்திராவில் மீண்டும் எழுப்பினர். 1996-இல் திறக்கப்பட்ட அவ்விடத்தில், பள்ளிப் பிள்ளைகள் அவ்வீட்டுத் திண்ணையில் இன்று அமர்கின்றனர். 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் உலக மரபுச் சின்னங்களுக்குரிய யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன.

இன்னும் பூட்டியபடியே, விற்கப்படாமலும் இடிக்கப்படாமலும் நிற்கும் வீடுகளே செட்டிநாட்டுத் தெருக்களில் மிகுதி. ஆண்டில் பல திங்கள் அவற்றுக்குக் காவற்காரர் ஒருவரே துணை. திருமணம் அல்லது மணிவிழா நிகழும்போதும், பொங்கலின்போதும் அவை திறக்கப்படும். பொங்கலன்று பங்காளிகள் பல ஊர்களிலிருந்து வந்து சேர்வர். காவற்காரர் முன்னாளே வளவைக் கழுவிவிடுவார். ஆத்தங்குடிக் கல்லின் பூக்கள் மீண்டும் தெரியும். விடியலில் வளவில் கோலமிட்டு, புள்ளிக்கு ஓர் அடுப்பு என வரிசையாக மூட்டுவர். எந்த அடுப்பு முதலில், எது அடுத்து என்னும் முறையை வீட்டில் மூத்த ஆச்சி சொல்லச் சொல்லப் பானைகள் ஏறும். வாரா­தவர்க்கும் அவர்தம் அடுப்புக்குரிய இடம் விட்டே வைக்கப்படும்.